காலடியிற் கிடக்கும் சுண்ணாம்புக்கல்: அதன் கனிப்பொருள்களும் இயற்கைக் கதிர்த்தொழிற்பாடும்

மருதனார்மடத்தின் சுற்றுப்புறத்திற் கிணறு வெட்டுவோர், சில அடி செம்மண்ணைக் கடந்ததும் வெண்ணிறக் கல்லை முட்டுவர். அக்கல்லைக் குடைந்தே கிணறு இறங்குகின்றது. அக்கல்லின் வெடிப்புகளிலிருந்தே நீர் ஊறுகின்றது. வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் கோவாவும் அந்நீரை உண்டே வளர்கின்றன. வீட்டிலுள்ளோரும் அந்நீரையே பருகுகின்றனர். ஆகவே, அக்கல் எவற்றாலானது என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

கல்லிலும் மண்ணிலும் கதிர்வீசும் பொருள்கள் இயற்கையாகவே உண்டென்று கேள்வியுற்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் எவ்வளவிற்குத் தக்கது, உண்மையில் அஞ்சவேண்டியது எது என்பனவற்றை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

கல் உண்டான வகை

நீரினடியிற் படைபடையாகப் படிந்து, காலப்போக்கில் இறுகியவை அடையற்பாறைகள் எனப்படும். மணல் இறுகினால் மணற்கல். களி இறுகினால் மாக்கல். கடலுயிர்களின் ஓடுகளும் முருகைகளும் இறுகினாற் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கீழுள்ளது இம்மூன்றாம் வகையாகும். மயோசீன் காலம் எனப்படும் காலத்தில், ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இந்நிலம் ஆழங்குறைந்த கடலாயிருந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த சிற்றுயிர்களின் ஓடுகளே இன்று கிணற்றுச் சுவராய் நிற்கின்றன. கல்லை உடைத்து உற்றுநோக்கின், சிப்பியின் வடிவங்களைச் சிலவிடங்களிற் காணலாம்.

சுண்ணாம்புக்கல்லின் முதன்மையான கனிப்பொருள் கல்சைற்று. அது கல்சியங்காபனேற்று என்னும் சேர்வையாகும். தூய கல்சியங்காபனேற்றின் 100 பங்கில் 40 பங்கு கல்சியம், 12 பங்கு காபன், 48 பங்கு ஒட்சிசன். கல்லில் இதனோடு சிறிதளவு மகனீசியமும் களியும் மணலும் இரும்புச் சேர்வைகளும் கலந்திருக்கும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 ஆம் ஆண்டிலிருந்து 1990 ஆம் ஆண்டு வரையும் இக்கல்லையே மூலப்பொருளாகக் கொண்டு இயங்கிற்று. சீமெந்திற்கு வேண்டிய களிமண் மன்னார்ப் பகுதியிலுள்ள முருங்கனிலிருந்து கொண்டுவரப்பட்டது. சுண்ணாம்பு இங்கு மிக்கிருந்தும் களி வேறிடத்திலிருந்து வரவேண்டியிருந்தமை, இக்கல்லின் இயல்பை நன்கு காட்டும்.

செம்மண்ணின் பிறப்பு

மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகின்றது. அவ்வமிலம் சுண்ணாம்புக்கல்லை மெல்ல மெல்லக் கரைக்கும். கல்சியம் நீரோடு போய்விட, கரையாத களியும் இரும்பொட்சைட்டும் எஞ்சும். மண்ணுக்குச் செந்நிறம் தருவது அவ்விரும்பேயாகும்.

கல் கரைந்த இடங்களில் வெடிப்புகளும் குகைகளும் உண்டாகின்றன. புத்தூரை அடுத்துள்ள நிலாவரைக் கிணறும், கடலோரத்தில் நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியும் இவ்வாறு கரைந்த கல்லின் வேலையே. வழுக்கியாறு ஒன்றைத் தவிர ஆறென்று சொல்லத்தக்கது வலிகாமத்தில் இல்லை. அதுவும் மாரிக்காலத்திலேயே ஓடும். மற்றை மழைநீரிற் பெரும்பகுதி நேரே கல்லினுள் இறங்கிவிடுகின்றது. மழைநீர் இறங்கும் வழியாலே நிலத்தில் இடப்பட்ட பிறவும் இறங்கும் என்பதைக் கமக்காரர் மறத்தலாகாது.

கல்லையும் மண்ணையும் பகுத்தறியும் முறை

சுண்ணாம்பு உண்டா என்பதை அறிவதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கல்லைச் சிறிது பொடித்து, அதன்மேல் தேசிக்காய்ச் சாற்றையோ வினாகிரியையோ சில துளி விடுக. குமிழ்கள் எழுந்தால் அது கல்சியங்காபனேற்று. எழும் வாயு காபனீரொட்சைட்டு. தோட்டத்து மண்ணிலும் இவ்வாறு செய்து பார்க்கலாம். மண் நுரைக்குமாயின் அதிற் கட்டற்ற சுண்ணாம்பு உண்டென்றும், அந்நிலத்திற்கு மேலும் சுண்ணாம்பு இடவேண்டியதில்லையென்றும் துணியலாம்.

எவ்வளவு உண்டென்பதை அறிய ஆய்வுகூடம் வேண்டும். அங்கே கல்லை நிறுத்து, ஐதரோக்குளோரிக்கமிலத்திற் கரைத்து, கரையாது எஞ்சியதை உலர்த்தி மீண்டும் நிறுப்பர். கரைந்த பகுதியிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் நியமிப்பு முறையால் அளப்பர். எந்தெந்தக் கனிப்பொருள்கள் உள்ளன என்பதை எட்சுக்கதிர்க் கருவிகளாலும் அறிவர்.

கண்ணால் மட்டும் நோக்கிக் கனிப்பொருளைத் துணிதல் தவறாகலாம் என்பதற்கு இலங்கையிலேயே சான்றுண்டு. மருதனார்மடத்தில் 1913 ஆம் ஆண்டில் இராமநாதன் கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மாமன் மகன் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்று அறிஞராக உலகறிந்த அவர், முன்னர் இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் தலைவராயிருந்தார். பலாங்கொடைப் பகுதியின் ஆற்றுச் சரளையில் அகப்பட்ட கரிய, பாரமான மணிகளை அவர் 1904 ஆம் ஆண்டில் விவரித்தார். முதலில் அவை யுரேனினைற்று எனக் கருதப்பட்டன. இங்கிலாந்தில் இரசாயனப் பகுப்பாய்வு நடந்த பின்னரே, அவற்றின் 100 பங்கில் 70 பங்கிற்கு மேல் தோரியமொட்சைட்டு என்பது தெரியவந்தது. அப்புதிய கனிப்பொருளுக்குத் தோரியனைற்று என்று பெயரிடப்பட்டது. அறிஞர் கண்ணையே மயக்கியது கல்லாயின், மண்ணையும் நீரையும் பார்வையால் மட்டும் மதித்தல் தகாது என்பது சொல்லாமலே விளங்கும்.

இயற்கைக் கதிர்த்தொழிற்பாடு என்பது யாது?

சில மூலகங்களின் அணுக்கள் தாமாகவே சிதைந்து கதிர்களை வீசும். இதுவே கதிர்த்தொழிற்பாடு. யுரேனியத்தில் இவ்வியல்பை 1896 ஆம் ஆண்டில் பெக்கரல் என்னும் பிரான்சிய அறிஞர் கண்டார். தோரியத்தில் இது 1898 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஒரு விநாடியில் ஓரணு சிதையுமாயின் அவ்வளவை ஒரு பெக்கரல் என்பர்.

மண்ணிலும் கல்லிலும் இவ்வாறு சிதைவன முதன்மையாக மூன்று: யுரேனியம், தோரியம், பொற்றாசியம் 40. இவற்றின் அரைவாழ்வுக் காலம் மிக நீண்டது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு செல்லும். தோரியம் 232 பாதியாகக் குறைய 1,405 கோடி ஆண்டு. பொற்றாசியம் 40 பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டு. உலகம் தோன்றிய நாளிலிருந்து இவை நிலத்தில் உள்ளன. எவரும் கொண்டுவந்து இட்டவை அல்ல.

இவற்றை அளக்கும் முறை எளிதில் விளங்கத்தக்கது. கல்லை உலர்த்தி, இடித்து, அரித்து, காற்றுப் புகாத கொள்கலத்தில் அடைத்து ஏறக்குறைய 4 கிழமை வைப்பர். யுரேனியத்தின் வழியிற் பிறக்கும் இரேடன் என்னும் வாயு வெளியேறாது, தன் வழித்தோன்றல்களோடு சமநிலை எய்தவே இக்காலம் விடப்படுகின்றது. பின்னர் அக்கலத்தைத் தடித்த ஈயக் கவசத்தினுள்ளே உணர்கருவியோடு வைத்து, எழும் காமாக்கதிர்களைப் பல மணிநேரம் எண்ணுவர். ஒவ்வொரு மூலகத்தின் கதிருக்கும் தனித்த ஆற்றல் உண்டு. 1,460 கிலோ இலத்திரன்வோற்று ஆற்றலுள்ள கதிர் பொற்றாசியம் 40 இனது. 2,614 கிலோ இலத்திரன்வோற்று ஆற்றலுள்ளது தோரியத்தின் வழித்தோன்றலினது. குரலைக் கேட்டு ஆளை அறிவது போல, ஆற்றலை அளந்து மூலகத்தை அறிகின்றனர்.

எந்த அடையலில் எவ்வளவு?

அடையற்பாறையின் கதிர்த்தொழிற்பாடு அது பிறந்த வகையைப் பொறுத்தது. தோரியம் நீரிற் கரைவது அரிது; ஆதலின் கடலுயிர்களின் ஓடுகளில் அது மிகச் சிறிதே சேரும். பொற்றாசியம் களியோடு சேர்ந்திருப்பது. களி குறைந்த சுண்ணாம்புக்கல்லில் அதுவும் குறைவு. உலகின் சுண்ணாம்புக்கற்களிற் பொதுவாக ஒரு கிலோகிராமில் யுரேனியம் 27, தோரியம் 7, பொற்றாசியம் 84 பெக்கரல் அளவினவாகும். உலக மண்ணின் நடுத்தர அளவோ யுரேனியம் 35, தோரியம் 30, பொற்றாசியம் 400 பெக்கரல். ஆகவே சுண்ணாம்புக்கல் கதிர்த்தொழிற்பாடு குறைந்த பாறைகளுள் ஒன்று. கல் கரைந்தபின் எஞ்சும் களியிலும் இரும்பிலும் தோரியம் தங்கிவிடுவதால், மேலுள்ள செம்மண்ணில் அது கல்லிலும் சற்று மிகுதல் இயல்பு. அதுவும் அஞ்சத்தக்கதன்று.

மாறாக, ஆறுகளும் அலைகளும் பாரமான கனிப்பொருள்களை ஒதுக்கிச் சேர்த்த மணலில் தோரியம் மிகும். திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை மணலிலும், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலும் உள்ள மொனசைற்று தோரியத்தை உடையது. அடையற்பாறை என்னும் பெயர் ஒன்றேயாயினும், ஓட்டிற் பிறந்ததும் ஆற்றுமணலிற் பிறந்ததும் ஒன்றல்ல.

பசளைச் சாக்கிலும் கதிருண்டு

கதிர்த்தொழிற்பாடு என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுவோர் பின்வரும் கணக்கை நோக்குவாராக. மியூரியேற்றுப் பொற்றாசுப் பசளையின் பாதி பொற்றாசியம். ஒரு கிராம் பொற்றாசியம் 31 பெக்கரல் அளவினது. எனவே ஒரு கிலோகிராம் பசளையில் ஏறக்குறைய 15,500 பெக்கரல் உண்டு. சுண்ணாம்புக்கல்லின் மூன்று மூலகங்களையும் கூட்டினாலும் அதில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. வளர்ந்த மனிதனின் உடலிலுள்ள பொற்றாசியமே 4,000 பெக்கரலுக்கு மேற்பட்டது. வாழைப்பழத்திலும் அது உண்டு. பயிர்க்கும் உயிர்க்கும் பொற்றாசியம் இன்றியமையாதது. அதனோடு பிரியாது வருவது அதன் கதிர். கல்லையோ பொற்றாசையோ கதிரின் பொருட்டு அஞ்சவேண்டியதில்லை.

கடலடியிற் படிந்த பொசுபேற்றுப் பாறையில் யுரேனியம் சற்று மிகும். அதிலிருந்து செய்யப்படும் சுப்பர்பொசுபேற்றிலும் அது வரும். ஒரு கிலோகிராமில் 2,000 பெக்கரல் எனக் கொண்டாலும், ஓர் எக்டேயருக்கு 100 கிலோகிராம் இடுமிடத்து, உழுபடையின் 20 இலட்சம் கிலோகிராம் மண்ணிற் கலந்து, கிலோகிராமுக்கு 0.1 பெக்கரலே கூடும். ஒருமுறைக்கு இது அற்பம். ஆயினும் மண்ணில் எஞ்சியுள்ள பொசுபரசை அறியாது ஆண்டுதோறும் மிகையாக இடுதல் பணத்திற்கும் மண்ணிற்கும் கேடாம்.

அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட அப்பதைற்று அடையற்பாறையில் பிறந்ததன்று, தீப்பாறை வழிவந்தது. அதனைப் பொடித்து இடும் பாறைப் பொசுபேற்று, அமிலத் தன்மையுள்ள மண்ணிலேயே கரைந்து பயன்தரும். சுண்ணாம்பு மிக்க வலிகாமத்து மண்ணில், குறுகிய காலப் பயிருக்கு அது உதவாது.

மஞ்சள் இலையும் யூரியாவும்

சுண்ணாம்பு மிக்க மண் காரத்தன்மை உடையது. அத்தகைய மண்ணில் இரும்பு, நாகம், பொசுபரசு ஆகியன இருந்தும் வேர்க்கு எட்டுவதில்லை. கிணற்று நீரிலும் கரைந்த சுண்ணாம்பு உண்டென்பதை, நீர் கொதிக்கும் பாத்திரத்தின் அடியிற் படியும் வெண்படிவு காட்டும். ஒரு கிணற்று நீரின் இலீற்றரில் 300 மில்லிகிராம் சுண்ணாம்பு உண்டெனக் கொள்ளின், 1 இலட்சம் இலீற்றர் இறைக்குமிடத்து 30 கிலோகிராம் வயலுக்கு வரும்.

இதன் விளைவைப் பயிரின் இலை காட்டும். இரும்பு எட்டாதபோது இளம் இலைகள் மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்கும். நைதரசன் குறைந்தபோதோ முதிர்ந்த கீழிலைகளே முன்னர் மஞ்சளாகும். நெல்லில் நாகம் எட்டாதபோது, விதைத்த சில கிழமைகளில் இலையிற் கபிலநிறத் திட்டுக்கள் தோன்றிப் பயிர் குட்டையாகும். இம்மூன்றையும் வேறுபடுத்தி அறியாதார், இலை மஞ்சளானதும் யூரியாவை மேலும் இடுவர். பயிரின் குறை தீராது. இட்ட யூரியா மட்டும் வீணாகும். அது எங்கே போகும்?

உண்மையில் அஞ்சவேண்டியது

யூரியாவின் நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறும். பயிர் கொள்ளாத நைத்திரேற்றை மண் பற்றிக்கொள்ளாது. மழையோடும் இறைத்த நீரோடும் அது வெடிப்புகளினூடே கிணற்றை அடையும். குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. 1980 ஆம் ஆண்டுகளிலிருந்து நடந்த ஆய்வுகள், வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை கடந்திருந்தமையைக் காட்டியுள்ளன.

ஒரு கிலோகிராம் நைதரசன் வீணே இறங்கினால் அது 4.4 கிலோகிராம் நைத்திரேற்றாகும். அது ஏறக்குறைய 88,000 இலீற்றர் தூய நீரை எல்லைக்குக் கொண்டுவரப் போதும். 50 கிலோகிராம் யூரியாச் சாக்கொன்றில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. நைத்திரேற்று மிக்க நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலிமையை இழக்கும். உடல் நீலம் பாரித்து உயிருக்கே இடர் நேரலாம். நீரைக் கொதிக்க வைத்தலால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

இன்னொன்றும் அறியத்தக்கது. கல்லிலுள்ள சிறிதளவு யுரேனியம் கல்லோடு பிணைந்து கிடக்கும் வரையும் தீங்கில்லை. நைத்திரேற்று மிக்க நீர் அதனைக் கரைத்து எழுப்பக்கூடும். அமெரிக்காவின் இரு பெரும் நிலத்தடி நீர்ப்பரப்புகளில் நைத்திரேற்று மிக்க இடங்களில் யுரேனியமும் மிக்கிருந்தமையை, நெபிராசுக்காப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குடிநீரில் யுரேனியத்திற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை இலீற்றருக்கு 0.03 மில்லிகிராம். கல் தானாக நஞ்சாவதில்லை. மேலிருந்து இறங்குவதே கல்லிலுள்ளதையும் அவிழ்த்துவிடும்.

கல்லின் வெடிப்புகள் எதையும் தடுப்பதில்லை. சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளிற் கழிவெண்ணெய் காணப்பட்டமை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் நாடறிந்த செய்தியாயிற்று. எண்ணெய்க்குத் திறந்த வழி பசளைக்கும் பூச்சிநாசினிக்கும் மலக்குழிக் கழிவுக்கும் திறந்தேயுள்ளது.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. மண் மாதிரி எடுத்தல்: வரம்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மரநிழல் ஆகியவற்றை நீக்கி, தோட்டத்தின் 10 முதல் 15 இடங்களில் 6 அங்குல ஆழத்திற்கு மண் எடுத்து, ஒன்றாய்க் கலந்து, நாற்கூறாக்கி எதிர்க்கூறுகளைத் தள்ளி, அரைக் கிலோகிராம் எஞ்சும் வரையும் குறைத்து, நிழலில் உலர்த்தித் தூய பையில் இடுக. காணியின் பெயரும் முன் பயிரும் எழுதுக.

2. நீர் மாதிரி எடுத்தல்: நீரிறைக்கும் இயந்திரத்தைச் சில நிமிடம் ஓடவிட்டு, தூய போத்தலை அந்நீரால் மும்முறை அலம்பி, நிரம்ப எடுத்து, அன்றே ஆய்வுகூடத்தில் ஒப்படைக்க. மாரிக்கு முன்னும் பின்னும் எடுத்தல் நன்று.

3. சோதனை முடிவு வருமுன் யூரியாவைக் கூட்டாதிருக்க. சிபாரிசு செய்யப்பட்ட அளவைப் பலமுறையாகப் பிரித்து, மண்ணோடு கலந்து இடுக. பெருமழைக்கு முன் இடாதிருக்க. இட்டவுடன் மிகையாக இறைக்காதிருக்க.

4. இளம் இலை மஞ்சளாயின் இரும்புக் குறைவையும், நெல்லிற் கபிலத் திட்டாயின் நாகக் குறைவையும் ஐயுற்று, விவசாயப் போதனாசிரியருக்கு இலையைக் காட்டுக. அவர் கூறும் அளவில் இலைவழித் தெளிப்பது, சுண்ணாம்பு மண்ணில் வேர்வழி இடுவதிலும் விரைந்து பயன்தரும்.

5. சுண்ணாம்பு மிக்க நிலத்திற்குச் சுண்ணாம்பு இடாதிருக்க. தழைப்பசளையும் மக்கிய எருவும் இட்டு மண்ணின் பற்றும் வலிமையைப் பெருக்குக. எருக்குழியும் மலக்குழியும் கிணற்றிலிருந்து இயன்றவரை தூரத்தில் அமைக.

6. நைத்திரேற்று எல்லை கடந்த கிணற்று நீரைக் கைக்குழந்தைக்குக் கொடாதிருக்க. பயிருக்கு அந்நீரை இறைக்கலாம். ஆயின் அதில் நைதரசன் ஏற்கெனவே இருப்பதால், இடும் யூரியாவை அதற்கேற்பக் குறைத்தல் வேண்டும்.

சுண்ணாம்புக்கல் 2 கோடி ஆண்டுகளாகத் தன் சிறு கதிரோடு கிடக்கின்றது. அதனால் எக்கிணறும் கெட்டதில்லை. கிணற்றைக் கெடுப்பதும் காப்பதும் மேலே நிற்பவர் கையிலுள்ளன. மண்ணையும் நீரையும் சோதிப்பிக்க விரும்புவோர் தத்தம் பகுதிக் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.